போனி அண்ட் கிளைட்: காரில் தொற்றிக்கொண்ட அந்த வங்கிக்காரர்

வாசகர் கேள்வி, ஜூன் 4

1967-இல் வந்த "போனி அண்ட் கிளைட்" படத்தை ஏன் எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்? 1930-களில் அமெரிக்காவில் நிஜமாகவே 13 பேரைக் கொன்ற கும்பல் அது. அழகான முகம், அழகான உடை, துள்ளல் இசை எல்லாம் சேர்த்து அதைக் காதல் கதையாக்கிவிட்டார்கள். செத்துப்போன போலீஸ்காரர் வீட்டில் இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? யாராவது நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு 10.40

நான் சொல்கிறேன். இந்தப் படம் அவர்களை நாயகர்கள் ஆக்கவில்லை. நாயகர்கள் ஆக வேண்டும் என்று அவர்களுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது. இரண்டும் வேறு.

முதன்முதலில் 1988-இல் பார்த்தேன், கல்லூரியில் படித்தபோது, ஒரு ஃபிலிம் சொசைட்டி திரையிடலில். 16 எம்.எம். புரொஜெக்டர், மடக்கு நாற்காலிகள், ரீல் மாற்றும்போதெல்லாம் ட்யூப்லைட்டைப் போட்டுவிடுவார்கள். தொடக்கத்தில் பழைய புகைப்படங்கள் ஒவ்வொன்றாக வரும், கேமரா க்ளிக் சத்தத்தோடு. பெயர்கள் வெள்ளையாகத் தோன்றி மெல்ல ரத்தச் சிவப்பாக மாறும். அப்புறம் திரை முழுக்க ஒரு பெண்ணின் உதடு. சின்ன அறை, வெயில், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் கட்டில் கம்பியைக் கையால் குத்திக்கொண்டிருக்கிறாள் போனியாக வரும் ஃபே டனவே. ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தால் கீழே அவள் அம்மாவின் காரைத் திருட ஒருவன் நோட்டம் விடுகிறான், கிளைடாக வரும் வாரன் பீட்டி. இரண்டு நிமிடத்தில் அவள் வாழ்க்கை முழுவதும் புரிந்துவிடுகிறது. அந்த ஊரை விட்டுப் போக யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பாள்.

அவர்கள் ஓயாமல் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் தங்களைப் பற்றிக் கவிதை எழுதுகிறாள், அது செய்தித்தாளில் வருகிறது, அதைப் பார்த்து அவன் குழந்தை மாதிரி பூரித்துப்போகிறான். இவை எதுவும் கற்பனை இல்லை. 1933 ஏப்ரலில் மிசூரி மாநிலம் ஜாப்ளினில் போலீஸ் சுற்றி வளைத்தபோது, ஓடிய அவசரத்தில் கழுவாத பிலிம் சுருள்களை விட்டுவிட்டுப் போனார்கள். உள்ளூர் செய்தித்தாள் அலுவலகத்தில்தான் அவற்றைக் கழுவினார்கள். சுருட்டும் துப்பாக்கியுமாக போனி நிற்கும் அந்தப் படம் அப்படி வந்ததுதான்.

கடைசிக் காட்சியில் சோகமான இசையோடு மூன்று நான்கு நிமிடம் ஸ்லோ மோஷனில் அவர்கள் விழுவார்கள். அன்று அந்த ஹாலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 5, காலை

"வங்கிக் கொள்ளையர்" என்றே எல்லாரும் எழுதுகிறோம். உண்மையில் அவர்கள் அதிகமும் கொள்ளையடித்தது மளிகைக் கடைகளையும் பெட்ரோல் பங்குகளையும்தான். வங்கிகள் 15-க்கும் குறைவு. படத்திலும் இது இருக்கிறது. கிளைட் முதலில் நுழையும் வங்கியில் பணமே இல்லை, அது திவாலாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் ஜப்தியாகிப் போன வீட்டைக் கடைசியாகப் பார்க்க வந்த விவசாயியிடம் "நாங்கள் வங்கியைக் கொள்ளையடிப்பவர்கள்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். அப்போது ஒரு வங்கியைக்கூட அவன் தொட்டிருக்கவில்லை. தன்னைப் பற்றி முதலில் ஒரு கதையைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தக் கதைக்குள் வாழப் போகிறவன் அவன். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஜூன் 7, பிற்பகல்

நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். அப்பாவும் கூட உட்கார்ந்தார். அவருக்கு வயது 81. 34 வருடம் வங்கியில் வேலை, அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். ஆங்கிலப் படம் என்றால் பொதுவாகத் தூங்கிவிடுவார். இதில் வங்கி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர்களிடம் கார் ஓட்டும் பையன் சி.டபிள்யூ. மாஸ் (மைக்கேல் ஜே. பொல்லார்ட்). கிளைடும் போனியும் உள்ளே கொள்ளையடிக்கும்போது, தெருவில் ஓர் இடம் காலியாவதைப் பார்த்து ஒழுங்காகக் காரை நிறுத்திவிடுகிறான், இரண்டு காருக்கு நடுவே நெருக்கமாக. அவர்கள் பணப்பையோடு ஓடி வந்தால் காரைக் காணோம். கண்டுபிடித்து ஏறினால் வெளியே எடுக்க முடியவில்லை. முன்னால் இடிக்கிறான், பின்னால் இடிக்கிறான். 1988-இல் ஹால் முழுக்கச் சிரித்த இடம் இது. நானும் சிரித்தேன்.

கார் கிளம்பும்போது வங்கியிலிருந்து ஒரு வயதானவர் ஓடி வந்து பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொள்கிறார். கிளைட் ஜன்னல் வழியே சுடுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரத்தமாக ஒரு முகம். அவர் விழுந்துவிடுகிறார். அவ்வளவுதான், இரண்டு மூன்று நொடி.

அப்பா "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். "அவன் கேஷியரா, மேனேஜரா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆள் பெயர் இல்லாமலே வந்து போகிறார். சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானும் ஓடியிருப்பேன்" என்றார்.

இத்தனை வருடமாக இந்தப் படத்தைப் பற்றி எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். அந்தக் காட்சியைப் பற்றி எப்போது பேசினாலும் கிளைடைப் பற்றித்தான் பேசுவேன். முதல் கொலை, அவன் முகம் எப்படி மாறுகிறது, அடுத்து தியேட்டரில் ஒளிந்து உட்காரும்போது கார் நிறுத்திய பையனை எப்படித் திட்டுகிறான், போனியோ ஒன்றும் நடக்காதது போல் திரையில் ஓடும் பாட்டையே எப்படி ரசிக்கிறாள் என்றெல்லாம். செத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வி கேட்ட வாசகருக்கு ஜூன் 4 இரவு நான் எழுதிய பதில் கொஞ்சம் அவசரப் பதில்தான்.

ஜூன் 7, இரவு

கடைசிக் காட்சி பற்றி எழுதியதைத் திருத்த வேண்டும். மூன்று நான்கு நிமிடம் என்றேன். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், சுடுவது ஒரு நிமிடம்கூட இல்லை. சுடும்போது இசையும் இல்லை. 1988-இல் நான் கேட்ட அந்தச் சோக இசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, மனசு தானாகப் போட்டுக்கொண்டது போலிருக்கிறது.

இருப்பது இதுதான். சாலை ஓரத்தில் சி.டபிள்யூ.-வின் அப்பா டயர் பழுதுபார்ப்பது போல் நடிக்கிறார். கிளைட் இறங்கிப் போகிறான், போனி காரிலேயே இருக்கிறாள். புதரிலிருந்து பறவைகள் திடீரென்று கூட்டமாகக் கிளம்புகின்றன. அந்த அப்பா தன் டிரக்குக்கு அடியில் பாய்கிறார். கிளைட் திரும்பி அவளைப் பார்க்கிறான், அவள் அவனைப் பார்க்கிறாள். முகம் மாற்றி முகம், மிக வேகமாக. பிறகு தோட்டாக்கள்.

நான்கு கேமராக்களை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு எடுத்திருக்கிறார் இயக்குநர் ஆர்தர் பென். எடிட்டர் டீடீ ஆலன் அந்தத் துண்டுகளைச் சேர்த்ததில்தான் அது நொடியாகவும் இருக்கிறது, முடிவே இல்லாததாகவும் இருக்கிறது. ஃபே டனவே இருக்கையிலிருந்து முழுவதும் கீழே விழுந்துவிடாமல் இருக்க அவர் காலை கியர் கம்பியோடு கட்டியிருந்தார்களாம். கிளைடின் தலையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து போகும் அந்தக் கணம் 1963-இல் கென்னடி சுடப்பட்டதை நினைவூட்டத்தான் என்று பென் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் சத்தம் நின்றுவிடுகிறது. சுட்டவர்கள் மெதுவாக வெளியே வருகிறார்கள். ஒருவரும் பேசுவதில்லை.

ஜூன் 9

வந்த நாளில் விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாசகர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நியூயார்க் டைம்ஸின் போஸ்லி கிரௌதர் படத்தைக் கடுமையாகத் தாக்கினார், ஒருமுறையோடு விடவுமில்லை. அடுத்த வருடம் அந்த இடத்தில் அவர் இல்லை. நியூயார்க்கர் இதழில் பாலின் கேல் நீண்ட கட்டுரை எழுதிப் படத்தைத் தாங்கிப் பிடித்தார். அந்தக் கட்டுரையை அதற்கு முன் வேறொரு பத்திரிகை வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தது.

எனக்குப் பிடித்தவர் நியூஸ்வீக்கின் ஜோ மார்கன்ஸ்டெர்ன். முதல் வாரம் மோசம் என்று எழுதினார். பிறகு பொதுமக்களோடு தியேட்டரில் உட்கார்ந்து மறுபடி பார்த்தார். அடுத்த வாரமே, நான் எழுதியது தவறு என்று அதே பத்திரிகையில் எழுதினார். அச்சில் வந்ததை ஒரே வாரத்தில் தன் கையாலேயே அடித்துத் திருத்த எவ்வளவு மனத்துணிவு வேண்டும். படம் நல்லதா கெட்டதா என்பதைவிட, ஒரு மனிதர் இரண்டாம் முறை பார்த்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பத்து ஆஸ்கர் பரிந்துரைகள், கிடைத்தது இரண்டு. ஒளிப்பதிவுக்கு பர்னெட் கஃபிக்கு ஒன்று, கிளைடின் அண்ணன் மனைவி பிளாஞ்சாக நடித்த எஸ்டெல் பார்சன்ஸுக்கு ஒன்று.

ஜூன் 10

சத்தத்தைப் பற்றிச் சொல்ல மறந்தேன். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பார்த்தோம். பேச்சு தணிவாக இருக்கும், துப்பாக்கி வெடித்தால் தூக்கிவாரிப் போடும். பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். படம் எடுத்தவர்கள் வேண்டுமென்றே அப்படி வைத்தது அது. லண்டனில் ஓர் ஆபரேட்டர், ஒலிப்பதிவு கோளாறு என்று நினைத்து, சுடும் இடங்களில் எல்லாம் ஒலியைக் குறைத்து "சரிசெய்து" ஓட்டினாராம். பீட்டியே சொன்ன கதை. 1988-இல் எங்கள் ஹாலில் ஸ்பீக்கர் கரகரத்ததில் பின்னணியில் வரும் பேஞ்சோ வாத்தியம் மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. அதனால்தான் நாங்கள் அவ்வளவு சிரித்தோமோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த பேஞ்சோ ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் இருவரும் 1949-இல் பதிவு செய்தது. கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்தாத இசைதான். இருந்தாலும் துரத்தல் காட்சிகளில் அது வரும்போது கால் தானாகத் தாளம் போடுகிறது. கொஞ்ச நேரத்தில் யாரோ சுடப்படுகிறார், தாளம் போட்ட காலை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம். முன்பு இதைப் படத்தின் சாமர்த்தியம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இப்போது அது என்னைக் கேட்கும் கேள்வியாகவும் இருக்கிறது.

ஜூன் 12

போலீஸ் பக்கம். வாசகரே, இந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

ஃபிராங்க் ஹேமர் ஓய்வுபெற்ற டெக்சஸ் ரேஞ்சர், அதாவது அந்த மாநிலப் போலீஸ் படைக்காரர். 1934 ஜனவரியில் கிளைட் ஈஸ்ட்ஹாம் சிறைப் பண்ணையிலிருந்து ஆட்களைத் தப்பவைத்த பிறகு, சிறை நிர்வாகம் இவரைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்தது. 102 நாள் அவர்கள் போன தடத்திலேயே போனார். படத்தில் என்ன காட்டுகிறார்கள்? அந்தக் கும்பல் அவரைப் பிடித்துக் கட்டிப்போட்டுக் கேலி செய்து, கூட நின்று புகைப்படம் எடுத்து, படகில் போட்டுத் தள்ளிவிடுகிறது. பிறகு அவர் பழிவாங்க வருவதாகக் கதை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவரை அவர்கள் பிடித்ததும் இல்லை, பக்கத்தில் பார்த்ததும் இல்லை. அவர் மனைவியும் மகனும் வழக்குப் போட்டார்கள், 1971-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. தன் கடமையைச் செய்தவரை வன்மக்காரர் ஆக்கியது அநியாயம். படத்தின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதை நான் மன்னிப்பதாக இல்லை.

இன்னொன்று படத்தில் இல்லவே இல்லை. 1934 ஏப்ரல் 1, ஈஸ்டர் ஞாயிறு, டாலஸுக்குப் பக்கத்தில் கிரேப்வைன். சாலை ஓரம் நின்ற காருக்கு ஏதாவது உதவி தேவையா என்று பார்க்க வந்த இரண்டு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரில் இளையவருக்கு வயது 22, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு வைத்திருந்த உடையை உடுத்திக்கொண்டு அந்தப் பெண் அடக்கத்துக்கு வந்தாள். அதுவரை செய்தித்தாள்களில் இருந்த கொஞ்சநஞ்ச கவர்ச்சியும் அந்த வாரத்தோடு போய்விட்டது. இந்த ஒரு காட்சியைப் படத்தில் வைத்திருந்தால் அந்தப் படகுக் காட்சியை யாரும் ரசித்திருக்க முடியாது.

ஜூன் 13

சுருட்டு பற்றிக் கேட்டவருக்கு: போனி சுருட்டுப் பிடிப்பவள் இல்லை, சிகரெட்தான். விளையாட்டுக்கு எடுத்த படம் அது. நாடு முழுக்க அவளை "சுருட்டுப் பிடிக்கும் துப்பாக்கிக்காரி" என்று அச்சடித்துவிட்டார்கள். அது அவளுக்குக் கடைசி வரை ஆறவில்லை.

ஜூன் 15

அப்பா அறைக்குள் போய்விட்டார், நான் மட்டும் மூன்றாம் முறை ஓடவிட்டேன். பாதிக்கு மேல் ஒருமுறைகூட சிரிக்க முடியவில்லை.

சோளக்காட்டில் போனி ஓடுகிறாளே, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று. கிளைட் பின்னால் ஓடுகிறான். தூரத்திலிருந்து எடுத்த ஷாட். ஒரு மேகத்தின் நிழல் அந்தக் காட்டின் மேல் நகர்ந்து வந்து இருவரையும் மூடிவிட்டுப் போகிறது. திட்டம் போட்டு எடுக்க முடியாத ஒன்று, வானம் கொடுத்தது. அடுத்து அம்மாவைப் பார்க்கும் காட்சி. எல்லாமே வெளிறிப்போய், பழைய ஆல்பத்தைத் திறந்தது போல். அம்மாவுக்குப் பக்கத்திலேயே, மூன்று மைலுக்குள் வீடு பார்த்துக் குடியிருக்கப் போவதாகக் கிளைட் சொல்கிறான். அந்த அம்மா, அப்படி இருந்தால் ரொம்ப நாள் இருக்கமாட்டாய் என்று மகளிடம் சொல்லிவிட்டு விடைபெறுகிறாள். அழுகை இல்லை. அந்த அம்மாவாக வந்தவர் நடிகை இல்லை, படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்ப் பெண்மணி.

நிஜ போனிக்கு அம்மாவைப் பார்ப்பதுதான் எல்லாம். சுற்றிலும் போலீஸ் தேடும்போதும் டாலஸுக்கு வந்து வந்து போனார்கள். 1933 ஜூனில் கார் ஆற்றுப் பள்ளத்தில் கவிழ்ந்து, பேட்டரி அமிலம் பட்டுக் கால் வெந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காக நடக்கவே முடியவில்லை, கிளைட் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவனும் சிறை வேலையிலிருந்து தப்பிக்க இரண்டு கால்விரல்களை வெட்டிக்கொண்டவன். ஃபே டனவேயின் பெரே தொப்பியும் நீளப் பாவாடையும் படம் வந்த பிறகு ஃபேஷனாகவே ஆகிவிட்டது. நிஜத்தில் இருவருமே நொண்டி நொண்டித்தான் நடந்தார்கள்.

பக்கத்தில் பக்கத்தில் புதைப்பார்கள் என்று அவள் கவிதையில் எழுதியிருந்தாள். அம்மா சம்மதிக்கவில்லை. டாலஸில் ஆளுக்கு ஒரு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கிளைட் அண்ணன் பக்கத்தில்.

ஜூன் 18

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

படத்தில் வேறொரு வங்கிக்குள் கிளைட் ஒரு விவசாயியைப் பார்த்துக் கேட்பான், "அது உன் பணமா, வங்கிப் பணமா?" என் பணம் என்கிறார். "அப்போ நீயே வைத்துக்கொள்." பிறகு நிருபர்களிடம் அந்த விவசாயி, அவர்கள் அடக்கத்துக்குப் பூ கொண்டுபோவேன் என்கிறார். எனக்கு எப்போதுமே பிடித்த இடம். அப்பா அப்போது சொன்னது: "வங்கிப் பணம்னு தனியா ஒண்ணு கிடையாதும்மா. சாயங்காலம் யாரோ ஒருத்தன் உட்கார்ந்து டேலி பண்ணணும்."

1978-இல் ஒரு சனிக்கிழமை அவருக்கு டேலி ஆகவில்லை. 500 ரூபாய் குறைந்தது. எட்டரை மணிவரை ஒவ்வொரு கட்டாகப் பிரித்து எண்ணியிருக்கிறார், ஸ்பாஞ்ச் டப்பாவில் தண்ணீர் வற்றி விரல் தோல் உரியும் வரை. யாருக்கோ ஐந்து நூறு ரூபாய்த் தாள் கூடுதலாகப் போய்விட்டது. கேஷியர்தான் கட்ட வேண்டும். கட்டினார், பல மாதம், சம்பளத்திலிருந்து. அதைவிட அவரைத் தின்றது, அதற்கப்புறம் மேலதிகாரி பார்த்த பார்வை. எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருடம் தீபாவளிக்குப் புதுத்துணி ஏன் இல்லை என்று இப்போதுதான் தெரியும்.

அதனால்தான் "நானும் ஓடியிருப்பேன்" என்றார்.

பிறகு நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வங்கி மூழ்கினால் போட்டவர் பணத்துக்கு அரசுக் காப்பீடு என்பது 1934 ஜனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் 2,500 டாலர் வரை. அதற்கு முன் ஆயிரக்கணக்கான வங்கிகள் இழுத்து மூடப்பட்டு, சேமிப்பு போனது போனதுதான். படத்தில் அந்த மனிதர் காரில் தொற்றும்போது அந்தக் காப்பீடு வந்திருக்கவில்லை. ஒரு சின்ன ஊர் வங்கி. பையில் போவது யாருடைய பணம் என்று ஆள் ஆளாக அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த விவசாயியின் கையிலிருந்த சில தாள்களைக் கிளைட் விட்டுக்கொடுத்தான். அவர் முன்பே ஏதாவது போட்டுவைத்திருந்தால் அந்தப் பணம் பைக்குள்தான் போயிருக்கும்.

வாசகர் கேட்ட கேள்விக்கு ஜூன் 4 அன்று "நாயகர்கள் ஆக்கவில்லை" என்று எழுதினேன். அதை அழிக்கவில்லை, பாதிக்கு மேல் இன்னும் நம்புகிறேன். ஆனால் அந்தப் படியில் தொற்றியவரை இரண்டு நொடிக்கு மேல் பார்க்க அந்தப் படம் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா நிறுத்தச் சொன்னதால் பார்த்தேன்.

இன்று காலை அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அந்தப் பையன் காரை அப்படி நிறுத்தாம இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பார் இல்ல?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கார் உடனே கிளம்பியிருந்தால் அவரால் எட்டிப் பிடித்திருக்க முடியாது.